சறுக்கலை அளந்தவர்: ஆன்டன் வான் சான்டனும் இ.எஸ்.பி.யும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது கார் வாங்கப் போனால் விற்பவர் ஏர்பேக் எத்தனை, திரை எத்தனை அங்குலம், சன்ரூஃப் இருக்கிறதா என்று நீளமாகச் சொல்லிவிட்டு, வண்டி சறுக்கித் தடுமாறாமல் காக்கும் இ.எஸ்.பி.யை மட்டும் போகிற போக்கில் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலில் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். அதைப் பற்றியும் அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்த ஒரு பொறியாளரைப் பற்றியும் பலர் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஆன்டன் வான் சான்டன் யார்?

1940-இல் பிறந்த டச்சுக்காரர், இயந்திரப் பொறியாளர். 1970-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் சேர்ந்து 2003 வரை அங்கேயே வேலை பார்த்தார். காரின் நிலைத்தன்மையைக் காக்கும் மின்னணு ஏற்பாடான இ.எஸ்.பி.யை பாஷ் தரப்பில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 2016-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வாழ்நாள் சாதனைக்கான கண்டுபிடிப்பாளர் விருதை அவருக்குக் கொடுத்தது. தெருவில் போகிற கோடிக்கணக்கான கார்களுக்குள் அவருடைய வேலை இருக்கிறது, ஆனால் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. எனக்கு அது ஒரு பெரிய குறையாகவே படுகிறது.

இ.எஸ்.பி., இ.எஸ்.சி., வி.எஸ்.சி. எல்லாம் வேறு வேறா?

அடிப்படையில் ஒன்றுதான். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு பெயர் வைத்திருக்கிறது. சட்டங்களும் பாதுகாப்புச் சோதனை அமைப்புகளும் பொதுவாக இ.எஸ்.சி. என்று எழுதும்.

சரி, அது என்னதான் செய்கிறது?

நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புவதை வைத்து எந்தப் பக்கம் போக நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்கிறது. வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அளக்கிறது. இரண்டுக்கும் இடையே இடைவெளி வந்தால், நான்கு சக்கரங்களில் தேவையானதை மட்டும் தனியாகப் பிரேக் பிடித்து, வேண்டியிருந்தால் எஞ்சின் இழுவையையும் குறைத்து, வண்டியை நீங்கள் நினைத்த பாதைக்குத் திருப்பப் பார்க்கிறது. இந்த ஒப்பீடு விநாடிக்கு 25 முறை நடப்பதாக பாஷ் சொல்கிறது.

ஏ.பி.எஸ். இருக்கும்போது இது எதற்கு?

ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பார்க்கிறது, இ.எஸ்.பி. வண்டியைப் பார்க்கிறது. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதோடு ஏ.பி.எஸ்.ஸின் வேலை முடிந்துவிடும். நீங்கள் பிரேக்கைத் தொடவே இல்லை, ஈரமான வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டீர்கள், பின்பக்கம் வெளியே தள்ளுகிறது என்றால் அதற்கு ஏ.பி.எஸ்.ஸால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அங்கே நான்கு சக்கரமும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், வண்டியின் உடம்பு மட்டும் வேறு திசையில் போகும்.

இதில் ஒரு வரிசை உண்டு. பாஷின் ஏ.பி.எஸ். 1978-இல் பென்ஸின் விலை உயர்ந்த பெரிய காரான எஸ்-கிளாஸில் வந்தது. அதன் பிறகு 1980-களின் நடுவில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சக்கரம் வெறுமனே சுற்றாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் வந்தது. அதற்காகத்தான் டிரைவர் காலை வைக்காமலே பிரேக் அழுத்தத்தை உண்டாக்கும் பம்பும் வால்வுகளும் சேர்ந்தன. அந்த இரண்டும் இல்லாமல் 1995-இல் இ.எஸ்.பி. வந்திருக்க முடியாது.

என்னென்ன சென்சார்கள் வேண்டும்?

நான்கு சக்கரத்திலும் வேக சென்சார் ஏ.பி.எஸ்.ஸுக்காக ஏற்கெனவே இருக்கும். அதோடு ஸ்டீயரிங் கோண சென்சார், பிரேக் அழுத்த சென்சார், பக்கவாட்டு முடுக்கத்தை அளக்கும் சென்சார், அப்புறம் எல்லாவற்றிலும் முக்கியமாக யா ரேட் சென்சார். ஒரு காரை மேலேயிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது தன் நடுப்புள்ளியைச் சுற்றி விநாடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதுதான் யா ரேட்.

அந்த யா ரேட் சென்சார் எப்படி வேலை செய்கிறது? கார்களில் அதற்கு முன் இருந்ததா?

சாதாரண கார்களில் இல்லை. விமானத்திலும் ஏவுகணையிலும் இருந்தது, அங்கே அதற்குக் கொடுத்த விலை காருக்குக் கட்டாது. முதலில் கார்களுக்கு வந்தது ஒரு சின்ன உலோக உருளை. அதை, மின்சாரம் கொடுத்தால் அசையும் பீசோ படிகங்களால் இடைவிடாமல் அதிர வைத்திருப்பார்கள். அந்த அதிர்வில் சில புள்ளிகள் அசையாமல் நிற்கும். வண்டி திரும்பினால், சுழலும் ஒன்றின் மேல் அசைபவற்றைப் பக்கவாட்டில் தள்ளும் கோரியாலிஸ் விசை காரணமாக அந்த அசையாப் புள்ளிகள் கொஞ்சம் நகரும். அந்த நகர்வை அளந்தால் திரும்பும் வேகம் கிடைத்துவிடும்.

சில ஆண்டுகளிலேயே இதே வேலையை சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய அமைப்புகள் செய்ய ஆரம்பித்தன. சிப் தயாரிக்கிற முறையிலேயே ஆயிரக்கணக்கில் தயாரிக்கலாம் என்பதால் விலை மளமளவென்று இறங்கியது. எஸ்-கிளாஸில் மட்டும் இருந்த ஒன்று சின்ன ஹேட்ச்பேக் வரை வந்ததற்கு இந்த மாற்றம் ஒரு பெரிய காரணம். இன்று உங்கள் கைபேசிக்குள் இருக்கும், அது திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோவும் அதே குடும்பம்தான்.

சென்சார் கிடைத்துவிட்டால் மீதி வெறும் புரோகிராம்தானே? அவருடைய கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள்.

ஸ்டீயரிங் கோணமும் வேகமும் தெரிந்தால் வண்டி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். யா ரேட் சென்சார் எவ்வளவு திரும்புகிறது என்று சொல்லிவிடும். இரண்டையும் சமமாக்கினால் போதுமே என்று தோன்றும். போதாது. வழுக்கும் சாலையில் அப்படிச் செய்தால் வண்டி கேட்ட வேகத்தில் அழகாகத் திரும்பும், ஆனால் போகும் பாதை திரும்பாது. மூக்கு ஒரு பக்கம் பார்க்க, வண்டி பக்கவாட்டில் வேறு பக்கம் போகும். மூக்கு பார்க்கும் திசைக்கும் வண்டி உண்மையில் போகும் திசைக்கும் நடுவிலான இந்தக் கோணம்தான் பக்கச் சறுக்குக் கோணம்.

வழக்கமாக ஓட்டும் ஒருவர் தன் வாழ்நாளில் 2 டிகிரிக்கு மேல் இந்தக் கோணத்தை அனுபவித்திருக்க மாட்டார். உலர்ந்த தாரில் சுமார் 12 டிகிரி வரை போனாலும் ஸ்டீயரிங்குக்கு வண்டி கேட்கும், அதைத் தாண்டினால் நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் அதனால் வரும் பலன் கிட்டத்தட்ட இல்லை. வழவழப்பான பனிக்கட்டியில் அந்த எல்லை வெறும் 2 டிகிரி. ஆகவே யா ரேட்டோடு சேர்த்து இந்தக் கோணத்தையும் கட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் இந்தக் கோணத்தை அளக்க மலிவான சென்சார் கிடையாது. சோதனை வண்டிகளில் தரையைப் பார்த்துக்கொண்டே போகும் ஒளியியல் கருவிகளை வைத்து அளப்பார்கள். அதன் விலைக்கு ஒரு காரே வாங்கலாம், மழைத் தண்ணீரும் சேறும் பட்டால் அதுவும் தடுமாறும். தினமும் ஓடும் காரில் அதை வைக்க முடியாது.

ஆக, அளக்க முடியாத ஒன்றை அளக்க முடிந்தவற்றிலிருந்து மதிப்பிட வேண்டும். பக்கவாட்டு முடுக்கத்தை வேகத்தால் வகுத்தால் பாதை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று தெரியும். அதிலிருந்து யா ரேட்டைக் கழித்தால் சறுக்குக் கோணம் மாறும் வேகம் கிடைக்கும். அதைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம். காகிதத்தில் இவ்வளவு எளிது. ஆனால் சென்சாரில் இருக்கும் சின்னச் சின்னப் பிழைகளும் கூடிக்கொண்டே போகும், கொஞ்ச நேரத்தில் விடை எங்கோ போய்விடும். சாலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் புவியீர்ப்பையும் பக்கவாட்டு முடுக்கம் என்று சென்சார் எண்ணிக்கொள்ளும். ஏன், வண்டியின் வேகம்கூட நேரடியாகத் தெரியாது. நான்கு சக்கரமும் பிரேக்கில் சறுக்கும்போது எந்தச் சக்கரத்தின் வேகத்தை வண்டியின் வேகம் என்று எடுத்துக்கொள்வது? அதற்காக இடையிடையே ஒரு சக்கரத்தின் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, அது தரையோடு ஒத்துச் சுற்றும் அந்த ஒரு கணத்தில் வேகத்தைத் திருத்திக்கொள்ளும் உத்தி உண்டு.

டயரின் நடத்தையை மாதிரியாக எழுதி, ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு விசை இருக்கிறது என்று மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டை அளவீடுகளோடு திரும்பத் திரும்ப ஒப்பிட்டுத் திருத்துவது, அதையும் 1990-களில் காரில் வைத்த சின்ன கணினியால் தாங்கக்கூடிய அளவுக்குச் சுருக்குவது: வான் சான்டன் குழுவின் உண்மையான சாதனை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

100 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 90 கி.மீ. வேகம். அதாவது விநாடிக்கு 25 மீட்டர். வளைவோடு ஒத்துப் போக வண்டி விநாடிக்குச் சுமார் 14.3 டிகிரி திரும்ப வேண்டும், டயர் தர வேண்டிய பக்கவாட்டு முடுக்கம் 6.25 மீட்டர்/விநாடி². நல்ல உலர்ந்த சாலையில் இது முடியும். மழையில் டயரால் 4.9 தான் தர முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பாதை விநாடிக்கு 11.2 டிகிரிக்கு மேல் வளையவே வளையாது. உடம்பை மட்டும் 14.3 டிகிரி வீதம் சுழல விட்டால் ஒவ்வொரு விநாடியும் சறுக்குக் கோணம் 3 டிகிரி ஏறும். அதனால்தான் நீங்கள் கேட்ட திருப்பத்தை அப்படியே கொடுக்காமல், சாலை தாங்கும் அளவுக்கு அதை வெட்டிவிட்டு, அந்த வெட்டிய அளவை இலக்காக இ.எஸ்.பி. வைத்துக்கொள்கிறது. சாலை எவ்வளவு தாங்கும் என்பதையும் அதுவேதான் ஊகிக்க வேண்டும்.

எந்தச் சக்கரத்தைப் பிரேக் பிடிக்கும்?

பின்பக்கம் வெளியே தள்ளினால் முன்னால் இருக்கும் வெளிப்பக்கச் சக்கரம். முன்பக்கம் திரும்பாமல் நேராக ஓடினால் பெரும்பாலும் பின்னால் இருக்கும் உள்பக்கச் சக்கரம். ஒரு பக்கச் சக்கரத்தில் 3000 நியூட்டன் பிரேக் விசை, நடுக்கோட்டிலிருந்து அது முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் 2250 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை உண்டாகிவிடும்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒரு டயரால் தர முடிந்த மொத்தப் பிடிமானம் ஒன்றுதான், அதைப் பிரேக்குக்கும் பக்கவாட்டுக்கும் பங்கிட வேண்டும். முன் வெளிப்பக்கச் சக்கரத்தைப் பிரேக் பிடித்தால் அது வண்டியைப் பின்னால் இழுப்பதோடு நிற்காமல், அந்த டயரின் பக்கவாட்டுப் பிடியும் குறைகிறது, ஆகவே மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த விசையும் குறைகிறது. இரண்டும் சேர்ந்துதான் சுழற்சியை நிறுத்துகின்றன. டயரில் எவ்வளவு சறுக்கலை அனுமதிப்பது என்பதைக் கட்டுப்படுத்தி மொத்த விசையின் திசையையே திருப்பலாம் என்பதுதான் இந்த முறையின் அடிநாதம்.

சென்சார் தவறாகச் சொன்னால்? நேரான சாலையில் திடீரென்று பிரேக் பிடித்துவிடாதா?

நியாயமான பயம், வடிவமைத்தவர்களுக்கும் இதே பயம் இருந்தது. ஒவ்வொரு சென்சாருக்கும் இரண்டாவது சென்சார் வைத்தால் விலை ஏறிவிடும். அதனால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கிறார்கள். இடது, வலது சக்கரங்களின் வேக வித்தியாசத்திலிருந்து ஒரு யா ரேட் கிடைக்கும். ஸ்டீயரிங் கோணத்திலிருந்து இன்னொன்று. பக்கவாட்டு முடுக்கத்திலிருந்து மற்றொன்று. வண்டி சாதாரணமாக ஓடும்போது இவையெல்லாம் சென்சார் சொல்வதோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் தனியாக விலகினால் அதுதான் கோளாறு என்று பிடித்து, இ.எஸ்.பி. தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு எச்சரிக்கை விளக்கைப் போடும். ஏ.பி.எஸ். அதன் பாட்டுக்குத் தொடர முடிந்தால் தொடரும்.

அவர் ஒருவரே கண்டுபிடித்ததா?

இல்லை, அப்படிச் சொல்வது மற்றவர்களுக்கு அநியாயம். பென்ஸ் கார்களைத் தயாரித்த டைம்லர்-பென்ஸில் ஃபிராங்க் வெர்னர்-மோன் என்ற பொறியாளர் 1989-இல் சுவீடனில் குளிர்காலச் சோதனையின்போது பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கி, வண்டியை இழுக்க ஆள் வரும்வரை காத்திருந்த நேரத்தில் இதே யோசனைக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. பாஷும் டைம்லர்-பென்ஸும் தனித்தனியாக நடத்திய வேலையை 1992-இல் ஒன்றாக்கினார்கள். 1995-இல் எஸ்-கிளாஸ் வரிசையில் இ.எஸ்.பி. விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஜப்பானில் டொயோட்டா தன் கிரவுன் மெஜஸ்டாவில் வி.எஸ்.சி.யைக் கொண்டுவந்தது. ஒரே காலத்தில் பல இடங்களில் பழுத்த யோசனைதான். ஆனாலும் அதைப் பல கம்பெனிகளின் கார்களிலும் பொருத்தக்கூடிய, மலிவாகத் தயாரிக்கக்கூடிய ஒரு முழு ஏற்பாடாக்கியதில் வான் சான்டனின் பங்கு பெரியது.

மூஸ் டெஸ்ட் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சுவீடன் சாலைகளில் மூஸ் என்ற பெரிய மான் இனம் திடீரென்று குறுக்கே வரும். அதற்காக ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒரு பக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் ஒடித்துத் தன் பாதைக்குத் திரும்பும் ஒரு சோதனையை அங்கே நடத்துவார்கள். 1997 அக்டோபரில் டெக்னிகன்ஸ் வார்ல்ட் என்ற சுவீடன் பத்திரிகை புத்தம் புதிய பென்ஸ் ஏ-கிளாஸை இந்தச் சோதனையில் ஓட்டியபோது வண்டி கவிழ்ந்துவிட்டது. உலகம் முழுக்கச் செய்தி. கம்பெனி முதலில் சமாளிக்கப் பார்த்தது, பிறகு விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, எல்லா ஏ-கிளாஸிலும் இ.எஸ்.பி.யைக் கட்டாயப் பொருளாக்கியது.

அதுவரை பணக்காரர்களின் பெரிய கார்களுக்கு மட்டும் என்று இருந்த ஒன்று, அந்தக் கம்பெனியின் மிகச் சின்ன காரில் கூடுதல் காசில்லாமல் வந்துவிட்டது. ஜெர்மனியில் மக்கள் மற்ற கம்பெனிகளிடமும் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த ஒரு விபத்து நடக்காமல் இருந்திருந்தால் இது பரவ இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றே நம்புகிறேன்.

உண்மையில் விபத்து குறைந்ததா?

குறைந்தது. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2007-இல் விதி கொண்டுவந்தபோது, வேறு வண்டி சம்பந்தப்படாமல் ஒரு வண்டி மட்டும் சிக்கும் விபத்துகளை இது கார்களில் 34 சதவீதமும், எஸ்.யு.வி.களில் 59 சதவீதமும் குறைக்கும் என்று மதிப்பிட்டது. எல்லா வண்டிகளிலும் வந்துவிட்டால் ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் வரை தப்பும் என்பது அப்போதைய கணக்கு. சீட் பெல்ட்டுக்கு அடுத்தபடியாக இதைச் சொல்பவர்கள் பலர், நானும் அவர்களோடு சேர்ந்தவன்தான்.

சட்டம் எப்படிச் சோதிக்கிறது?

அமெரிக்க விதி அழகானது. 80 கி.மீ. வேகத்தில் ஒரு ரோபோ ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் திருப்பி, அங்கே அரை விநாடி நிறுத்தி, நேராக்கும். நேராக்கிய 1 விநாடிக்குப் பிறகு யா ரேட் அதன் உச்சத்தில் 35 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 1.75 விநாடிக்குப் பிறகு 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எந்தக் கம்பெனி என்று விதி கேட்பதில்லை, வண்டி சுற்றுவதை நிறுத்துகிறதா என்று இந்தச் சோதனையில் பார்க்கிறது. அங்கே 2012 மாடல் ஆண்டிலிருந்து எல்லா இலகுரக வண்டிகளுக்கும் இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 நவம்பரில் புதிய மாடல்களுக்கும், 2014 நவம்பரில் எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயமானது.

இந்தியாவில்?

கார்களை மோதவைத்துப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் சோதனையில் 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க இ.எஸ்.சி. இருக்க வேண்டும். இதனால் சின்ன கார்களிலும் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. வாங்கும்போது நீங்கள் எடுக்கும் அதே வேரியன்ட்டில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், டாப் மாடலில் இருக்கிறது என்ற பதிலை ஏற்காதீர்கள்.

பைக்குக்கு வருமா?

வந்துவிட்டது. பாஷின் பைக் நிலைத்தன்மை ஏற்பாடு கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் அறிமுகமானது. பைக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் அளந்து, அதற்கேற்பப் பிரேக்கை அளவாக விடும்.

இது இருந்தால் வளைவில் வேகமாகப் போகலாமா?

கூடாது. இல்லாத பிடிமானத்தை இ.எஸ்.பி. உண்டாக்காது. இருப்பதைச் சரியாகப் பங்கிட மட்டுமே செய்யும். மேலே போட்ட கணக்கில் டயர் 4.9 தான் தரும் என்றால் எந்தக் கணினியும் அதை 6.25 ஆக்காது.

ஆஃப் பட்டன் எதற்கு வைத்திருக்கிறார்கள்?

மணலிலோ சேற்றிலோ சிக்கினால் சக்கரம் கொஞ்சம் சுற்றித்தான் வெளியே வர வேண்டும், அப்போது இ.எஸ்.பி. எஞ்சினை அமுக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்துக்குத்தான். வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

டேஷ்போர்டில் அந்தச் சறுக்கும் கார் விளக்கு எரிகிறது, என்ன செய்வது?

ஓட்டும்போது படபடவென்று மின்னினால் அது வேலை செய்கிறது என்று பொருள், சாலை வழுக்குகிறது, வேகத்தைக் குறையுங்கள். நிலையாக எரிந்தால் யாரோ ஆஃப் செய்திருக்கிறார்கள் அல்லது கோளாறு. வீல் அலைன்மென்ட் செய்த பிறகோ பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகோ எரிந்தால், பெரும்பாலும் ஸ்டீயரிங் கோண சென்சாருக்கு நடுநிலை எது என்று மறந்திருக்கும். சில வண்டிகளில் கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் தானே சரியாகும், சிலவற்றில் ஸ்கேனர் வைத்து மறுபடி அமைக்க வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவா என்றும் பாருங்கள், ஒன்று மட்டும் வேறு அளவாக இருந்தால் அந்தச் சக்கரம் வேறு வேகத்தில் சுற்றும், கணக்கு முழுக்கத் தடுமாறும். சக்கர சென்சாரின் வயர் அறுந்திருப்பதும் அங்கே சேறு அப்பியிருப்பதும் அடிக்கடி பார்க்கிற காரணங்கள். எதுவானாலும் விளக்கை அப்படியே எரியவிட்டு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.